அடிக்கு முன் வரும் சத்தம்

தோன் சேவேரோ பொய் சொல்லிவிட்டார். யோசித்துச் சொன்ன பொய் அல்ல, வாய் திறந்த வேகத்திலேயே வந்து விழுந்த பொய்.

"பெட்டியை என்ன பண்ணீங்க, கொம்பாத்ரே?" என்றுதான் நசாரியோ கேட்டான்.

"நான் எதுக்கு அதைத் தொடப்போறேன்? பட்டன் தேஞ்சு கெடந்துச்சுன்னு நாலு பட்டன் மாத்தினேன். அவ்வளவுதான்."

நாலு பட்டன் மாற்றியது நிஜம். அவ்வளவுதான் என்பது பொய்.

காலை பதினொரு மணி. மெக்சிகோவின் துறைமுக ஊரான சலினா குரூஸில் கந்தெலாரியா மாதா திருவிழா. வெளியே வடக்குக் காற்று மண்ணை வாரி அடித்துக்கொண்டிருந்தது. சேவேரோவின் பஞ்சர் கடையில் பழைய டயர்களுக்கும் காற்றடிக்கும் கம்ப்ரஸருக்கும் நடுவில் அந்த விளையாட்டுப் பெட்டி நின்றது. ஆள் உயரம், முன்னால் கண்ணாடித் திரை, இரண்டு பேர் அருகருகே நின்று சண்டை போட இரண்டு கைப்பிடி. நசாரியோ அதன் முன் ஸ்டூலில் உட்கார்ந்து, இதுவரை நான்கு ஆட்டம் ஆடி நான்கிலும் தோற்றிருந்தான். அதுவும் மனுஷனிடம் அல்ல, பெட்டியிடம்.

நசாரியோவுக்கு நாற்பத்திரண்டு வயது. பிறவியிலேயே கண் தெரியாது. டாக்சி நிலையத்தில் போன் எடுத்து எந்த வண்டி எங்கே போகவேண்டும் என்று சொல்கிற வேலை. அவனுடைய மகளுக்கு ஞானத்தகப்பன் சேவேரோ. அந்த உறவில்தான் இருவரும் ஒருவரையொருவர் கொம்பாத்ரே என்று கூப்பிட்டுக்கொள்வது. மற்றவர்கள் மரியாதைக்கு அவரைத் தோன் என்பார்கள், பெண்ணாக இருந்தால் தோன்யா. அந்தச் சண்டை ஆட்டத்தை நசாரியோ காதால் ஆடுவான். எவன் எங்கே நிற்கிறான், எப்போது குதிக்கிறான், எல்லாம் சத்தத்தில். ஊரை இரண்டாகப் பிரிக்கும் தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் அவனை அடிக்க ஆள் கிடையாது.

தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் ஒருவன் இருந்தான். எலாதியோ, கப்பல் பட்டறையில் வெல்டர். போன வருஷம் இதே திருவிழாவில் நசாரியோ அவனை மூன்றுக்கு இரண்டு என்று ஜெயித்தான். ஊரே கைதட்டியது. மறுநாள் காலை சந்தையில் பேச்சு மாறிவிட்டது. பாவம், கண் தெரியாதவன் என்று எலாதியோ விட்டுக்கொடுத்தானாம். எலாதியோவிடம் கேட்டதற்கு அவன் இல்லை என்று சொல்லவில்லை. சிரித்தானாம். அந்தச் சிரிப்பைப் பத்துப் பேர் வந்து நசாரியோவிடம் சொன்னார்கள். அப்படிப்பட்ட சேதியைக் கொண்டுவந்து கொடுக்க ஊரில் எப்போதும் ஆள் உண்டு.

ஒரு வருஷமாக அவன் அதை விழுங்கிக்கொண்டிருந்தான். இன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு மறுபடி ஆட்டம். ஜெயிக்கவேண்டும், அதை யாரும் பிச்சை என்று சொல்ல முடியாதபடி ஜெயிக்கவேண்டும். அவனுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

சேவேரோவுக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்ததால்தான் முந்தின நாள் அந்தக் காரியத்தைச் செய்தார்.

பெட்டிக்குள் இருந்த பழைய எலக்ட்ரானிக் பலகை செத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. இப்போது அதன் வயிற்றில் சிகரெட் பெட்டி அளவு ஒரு கம்ப்யூட்டர். அதில் எமுலேட்டர் என்று ஒன்று ஓடும். செத்த பலகை மாதிரி வேஷம் போடுவது அதன் தொழில். மூன்று மாதமாகப் பெட்டியைப் போட்டதும் ஆங்கிலத்தில் ஏதோ கேட்கும். சிவப்புப் பட்டனை அழுத்தினால் போய்விடும். அதற்குமேல் அவருக்கு அதோடு பேச்சுவார்த்தை இல்லை. இங்கிலீஷில் கேள்வி கேட்கிற எதற்கும் வேண்டாம் என்பதுதான் அவர் பதில். ஆனால் முந்தின நாள் புதுப் பட்டன் போட்டபோது சிவப்பின் வயரும் நீலத்தின் வயரும் இடம் மாறிவிட்டன. வழக்கம்போல் சிவப்பை அழுத்தினார். திரையில் ஒரு கோடு நீள ஆரம்பித்தது. பிளக்கைப் பிடுங்கலாமா என்று கை போனது. பாதியில் பிடுங்கினால் மொத்தமாகச் செத்துவிடும் என்று யாரோ எப்போதோ சொன்னது ஞாபகம் வந்து கை நின்றது. கோடு முழுசாக நிறைகிறவரை பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு வயரை மாற்றினார். யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது பெட்டியின் பின்பலகையைக் கழற்றி உள்ளே தலையை விட்டார். ஸ்பீக்கர் வயர்தான் என்று அவர் மனம் வேண்டிக்கொண்டது. வயராக இருந்தால் கையால் சரிசெய்துவிடலாம். இரண்டு ஸ்பீக்கரையும் கழற்றி இடம் மாற்றினார். துருவைச் சுரண்டினார்.

"இப்போ?"

நசாரியோ ஆடினான். திரையில் அவனுடைய ஆள் சங்கிலி வைத்திருப்பவன். எதிரே பெட்டி கொண்டுவந்து நிறுத்தியது ஒரு குள்ளனை. குள்ளன் கத்திக்கொண்டு பாய்ந்தான். சங்கிலிக்காரன் தடுக்கவே இல்லை, அப்படியே மல்லாந்து விழுந்தான்.

"இடது வலது மாறிப்போச்சு. மத்தபடி அதே கதைதான்" என்றான் நசாரியோ. "கொம்பாத்ரே, நான் இன்னைக்கு ஆட முடியாது."

"முடியும். வாயை மூடு" என்று சொல்லி, ஸ்பீக்கர்களைப் பழைய இடத்திலேயே மாட்டிவிட்டு சேவேரோ ஒப்துலியாவுக்குப் போன் போட்டார்.

ஒப்துலியா சந்தையில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் பெண். முப்பத்தைந்து வயது இருக்கும், நாக்கு மட்டும் கொஞ்சம் மூத்தது. காற்றில் மோட்டார் சைக்கிள் சாயச் சாய ஓட்டிக்கொண்டு வந்தாள். சேவேரோவுக்கு அவள்மேல் நம்பிக்கை கிடையாது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தவர்கள் யார்மேலும் அவருக்கு நம்பிக்கை கிடையாது.

"என்ன பெருசு, பெட்டிக்குச் சளியா?"

"சத்தம் சரியில்ல. பாரு."

அவள் ஒரு ஆட்டம் ஆடிப் பார்த்தாள். "நல்லாத்தானே இருக்கு. முன்னைவிடச் சுத்தமா இருக்கு."

"ஒரு சத்தத்தைக் காணோம்" என்றான் நசாரியோ.

"எந்தச் சத்தம்?"

"இருந்த சத்தம்."

"தொலைஞ்ச மாட்டைத் தேடச் சொல்றே. நிறமாவது சொல்லேன், அண்ணே."

நசாரியோ தலையைத் திருப்பினான். கடை வாசலில் இரண்டு டாக்சிக்காரர்கள் சோளமாவுத் தமால் தின்றுகொண்டு நின்றார்கள். "அவங்களைப் போகச் சொல்லுங்க" என்றான். சேவேரோ போகச் சொன்னார். மரியாதையாகச் சொல்லவில்லை.

அவர்கள் போனபிறகுதான் நசாரியோ வாய் திறந்தான். பன்னிரண்டு வருஷமாக யாருக்கும் சொல்லாதது அது.

"பெரிய அடி கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு டக் கேக்கும். விரல் சொடுக்கின மாதிரி. உங்களுக்கெல்லாம் கண்ணு இருக்கு, அவன் குனியறது தெரியும். எனக்கு அந்த டக்குதான். அது கேட்டதும் தடுப்பேன். இப்போ அது இல்ல. கத்திக்கிட்டு வரும்போதுதான் தெரியுது. அதுக்குள்ள மூஞ்சியில விழுந்திடுது."

ஒப்துலியா போனை எடுத்து எதையோ தேடிப் படித்தாள். விரலால் தள்ளிக்கொண்டே போனாள். நெடுநேரம் தள்ளினாள்.

"அது ஆட்டத்தோட சத்தம் இல்லண்ணே. கோளாறு. இது திருட்டு நகல் ஆட்டம். பெரிய அடிக்கு உண்டான கத்தலைத் தேடி எடுக்கும்போது எமுலேட்டர் ஒரு தரம் தடுமாறும். அந்தத் தடுமாற்றம்தான் உன்னோட டக். புது அப்டேட்ல நூத்திப் பன்னெண்டு விஷயத்தைத் திருத்தியிருக்காங்க. எழுபத்தி மூணாவது இது. எவனோ ஒருத்தன் டக்கு டக்குன்னு கேக்குது, எரிச்சலா இருக்குன்னு புகார் எழுதியிருக்கான்."

"அவனை யாரு எழுதச் சொன்னது?" என்றார் சேவேரோ.

"அதை விடு. அப்டேட் பண்ணினது யாரு? தானா ஆகாது. யாராவது சரின்னு அழுத்தியிருக்கணும்."

சேவேரோ கையிலிருந்த திருப்புளியைத் துணியால் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"பக்கத்து மருந்துக்கடைக்காரன் வைஃபைதான் இதுல வருது. அவன் ஏதாவது பண்ணியிருப்பான். அவன் முழியே சரியில்ல."

இரண்டாவது பொய். முதலாவதைவிடச் சுலபமாக வந்தது.

பழைய பதிப்பைத் திரும்ப இறக்கலாம் என்றாள் ஒப்துலியா. மருந்துக்கடை வைஃபை காற்றில் செத்துக் கிடந்தது. அவள் போனில் முயன்றாள். நாளை மத்தியானம் முடியும் என்று அது சொன்னது. சரி, உள்ளே இருக்கும் அமைப்புகளை மாற்றிப் பார்க்கலாம் என்று ஒவ்வொன்றாகத் திருகினாள். ஒருமுறை டக் என்று கேட்டது. நசாரியோ எழுந்தே நின்றுவிட்டான். அடுத்த நொடி நடந்தாலும் டக், குதித்தாலும் டக், பாட்டிலும் டக். எண்ணெயில் சோளம் பொரிகிற மாதிரி இருந்தது. நசாரியோ மறுபடி உட்கார்ந்தான். அவள் எல்லாவற்றையும் பழையபடி திருப்பி வைத்தாள்.

மணி ஒன்றே கால்.

"வேற பெட்டி எதுலயாவது பழைய பதிப்பு இருக்கா?" என்று கேட்டாள் ஒப்துலியா.

இருந்தது. சேவேரோவே வைத்ததுதான். இந்தப் பெட்டியின் ஆட்டமெல்லாம் இருக்கும் மெமரி கார்டை முன்பே அப்படியே நகல் எடுத்து இன்னொரு பெட்டியில் போட்டு, தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் காய்ந்த இறால் விற்கும் தோன்யா காந்திதாவின் கடையில் வைத்திருந்தார். தோன்யா காந்திதா எலாதியோவைப் பெற்றவள்.

"வேணாம்" என்றான் நசாரியோ உடனே. "அங்க மட்டும் போகவேணாம், கொம்பாத்ரே."

"நான் போறேன்னு சொன்னேனா?"

ஒப்துலியா கடைக்குத் திரும்பிப் போனாள். நசாரியோ ஸ்பீக்கரில் காதை வைத்து ஆட ஆரம்பித்தான். சேவேரோ சாப்பிட்டுவிட்டு வருவதாகச் சொல்லிவிட்டு நேராகத் தண்டவாளத்தைத் தாண்டினார். காற்று முதுகில் கை வைத்துத் தள்ளியது.

எலாதியோ கடைக்குள் கண்ணாடி முன் நின்று தலை வாரிக்கொண்டிருந்தான். தோன்யா காந்திதா இறால் கூடைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள்.

"வாங்க, தோன் சேவேரோ. திருவிழாவும் அதுவுமா ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

"பெட்டியோட கார்டு கெட்டுப்போச்சு. உங்க கார்டு சாயங்காலம் வரைக்கும் வேணும்." டக்கைப் பற்றி வாயே திறக்கக்கூடாது என்று வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்திருந்தார்.

எலாதியோ வாதாடுவான், சந்தேகப்படுவான் என்று நினைத்திருந்தார். அவன் சீப்பை வைத்துவிட்டு, பெட்டியின் பின்பக்கம் கைவிட்டு, நகம் அளவு கார்டை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தான்.

"எடுத்துக்கோங்க. பாவம், அந்த மனுஷனுக்குப் பழகின பெட்டியாவது இருக்கட்டும்."

"போன வருஷம் நீ விட்டுக்கொடுத்தியா?" சேவேரோ பட்டென்று கேட்டுவிட்டார்.

"அதெல்லாம் இப்ப எதுக்கு, தோன்" என்று எலாதியோ சிரித்தான்.

"விட்டுக்கொடுத்தான்னு ஊருக்குச் சொன்னதே நான்தான்" என்றாள் தோன்யா காந்திதா. "என் புள்ளைக்கு இளகின மனசு."

"அம்மா, சும்மா இரு."

திரும்பி வரும்போது காற்று எதிரே அடித்தது. கார்டு சட்டைப் பையில் இருந்தது. எடையே இல்லை. ஆனாலும் ஒவ்வொரு அடியிலும் அது அங்கே இருப்பது அவருக்குத் தெரிந்தது. போட்டால் டக் வந்துவிடும். நசாரியோ ஜெயித்துவிடுவான். ஜெயித்த பிறகு இறால் கடையிலிருந்து பேச்சு கிளம்பும்: கார்டையே என் பிள்ளைதான் கொடுத்தான். போடாவிட்டால் தோற்பான். கண் தெரியாதவன் எப்படி ஜெயிப்பான், போன வருஷம் கிடைத்தது பிச்சைதான் என்று ஆகிவிடும். இரண்டு பக்கமும் கதவைச் சாத்தியது எலாதியோ அல்ல. சாத்தியது இவருடைய விரல்.

கடைக்கு வந்தபோது மூன்றரை. நசாரியோவின் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது. சேவேரோ கம்ப்ரஸர் பக்கத்தில் நின்றார்.

"சாப்பிட்டாச்சா?"

"ஆச்சு."

"பொய். வாசனையே இல்ல. காய்ஞ்ச இறால் வாசனைதான் வருது." நசாரியோ கைப்பிடியிலிருந்து கையை எடுத்தான். "அவன்கிட்ட போயிட்டீங்க."

சேவேரோவுக்கு அதற்குமேல் முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டினார். பட்டன், வயர், சிவப்பு, நீண்டுகொண்டே போன கோடு, மருந்துக்கடைக்காரன்மேல் போட்ட பழி, கார்டு. சொல்லி முடித்தபோது எழுபது வயது மனுஷனுக்கு மூச்சு வாங்கியது.

"பட்டனை யாருக்காக மாத்தினீங்க?"

"உனக்காகத்தான். தேஞ்சுபோன பட்டன்ல தோத்துட்டேன்னு ஆகக்கூடாதுன்னு."

"பொய்யை யாருக்காகச் சொன்னீங்க?"

பதில் இருவருக்கும் தெரியும்.

"காலையில பதினொண்ணுலேர்ந்து என் காதுதான் கெட்டுப்போச்சோன்னு நெனைச்சுக்கிட்டிருந்தேன், கொம்பாத்ரே. வயசாச்சு, காதும் போகப்போகுதுன்னு. அது எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியுமா?"

சேவேரோ தரையைப் பார்த்தார். இதைவிட நசாரியோ நாலு அறை விட்டிருக்கலாம்.

"அவன் என்ன சொல்லிக் குடுத்தான்? ஒரு சொல்லு மாத்தாம சொல்லுங்க."

"பாவம், அந்த மனுஷனுக்குப் பழகின பெட்டியாவது இருக்கட்டும்னான்."

நசாரியோ தலையை ஆட்டினான். வெகுநேரம் ஆட்டினான். "அதைப் போட்டா நான் ஜெயிக்கிறதும் அவன் குடுத்ததுதான். பையிலேயே இருக்கட்டும். வாங்க, அந்தப் பக்கம் நில்லுங்க. அவன் ஆடுற குள்ளனை எடுத்துக்கிட்டு என்னை அடிங்க."

"எனக்கு ஆடத் தெரியாதுடா."

"பெட்டியை மாத்தத் தெரிஞ்சுதுல்ல. அடிங்க."

ஒன்றரை மணி நேரம் சேவேரோ குள்ளனாக நின்று கண்டபடி பட்டனைக் குத்தினார். நசாரியோ அடி வாங்கினான், வாங்கிக்கொண்டே கேட்டான். நாலரைக்கு ஒரு தரம், "இருங்க, அதையே மறுபடி பண்ணுங்க" என்றான். சேவேரோ பண்ணினார். "குள்ளன் குனியும்போது காலைத் தேய்க்கிறான். டக்கு இருந்த காலத்துல அதைக் கேட்டதே இல்ல." பத்தில் நாலு அடியைத் தடுத்தான். மீதி ஆறும் மூஞ்சியில் விழுந்தன. பத்துக்கு நாலை வைத்துக்கொண்டு எலாதியோவிடம் நிற்க முடியாது என்று சேவேரோவுக்குத் தெரியும். தெரிந்தும் பட்டனைக் குத்திக்கொண்டே இருந்தார்.

ஐந்து மணிக்குக் கடை நிறைந்துவிட்டது. டயர்மேல் டயராக ஏறி உட்கார்ந்தார்கள். தெருவில் பாண்டு வாத்தியம் ஊதிக்கொண்டு போனவர்களை சேவேரோ ஓடிப்போய் நிறுத்தினார். கெட்ட வார்த்தை சொல்லித்தான் நிறுத்த முடிந்தது. தகரக் கூரை காற்றில் தடதடத்தது. அதை நிறுத்த அவரிடம் வார்த்தை இல்லை. ஒவ்வொரு தடதடப்புக்கும் நசாரியோவின் முகத்தையே பார்த்தார்.

எலாதியோ வந்து நசாரியோவுக்குப் பக்கத்தில் நின்று குள்ளனை எடுத்தான். முதல் ஆட்டம் ஒரு நிமிஷம்கூட இல்லை. குள்ளன் சங்கிலிக்காரனைத் துவைத்துப் போட்டான்.

இரண்டாவது ஆட்டத்தில் குள்ளனின் வேகம் குறைந்தது. பெரிய அடியே கிளம்பவில்லை. பின்னால் பின்னால் போனான். சேவேரோவே கவனித்துவிட்டார். நசாரியோ சட்டென்று இரண்டு கையையும் தூக்கித் தன் தலைமேல் வைத்துக்கொண்டான். திரையில் சங்கிலிக்காரன் மரம்போல் நின்றான்.

"என்னண்ணே, ஆடுங்க" என்றான் எலாதியோ.

"நீ ஆடலையே. நீ ஆடினா நானும் ஆடுறேன். அதுவரைக்கும் நிக்கிறேன், வந்து அடி."

"யாரு ஆடலைன்னு சொன்னது?"

"டேய், நாள் முழுக்க முப்பது டிரைவர் பொய் சொல்றதைக் கேக்கிறவன் நான். என்கிட்டயேவா?"

யாரோ சிரித்தார்கள். எலாதியோவின் கழுத்து சிவந்தது. குள்ளனை நடத்திக்கொண்டு வந்து, நின்றுகொண்டிருந்த சங்கிலிக்காரனை அடித்துக் கீழே தள்ளினான். இரண்டுக்குப் பூஜ்யம். இன்னும் ஒன்று போனால் முடிந்தது. சேவேரோவின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போயிற்று, கார்டைத் தொட்டது, திரும்பி வந்தது.

மூன்றாவது ஆட்டத்தில் நசாரியோ தடுத்தான். ஒரு பெரிய அடி, அடுத்தது, அதற்கடுத்தது. மூன்றையும் தடுத்துச் சங்கிலியைச் சுழற்றினான். குள்ளன் விழுந்தான். நாலாவது நீண்டது. இரண்டு பேருக்கும் உயிர்க்கோடு நூல் மாதிரி ஆன பிறகு கூரை ஒருதரம் இடிபோல் தடதடத்தது. சேவேரோ கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது குள்ளன் தரையில் கிடந்தான், டாக்சிக்காரர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கத்திக்கொண்டிருந்தார்கள்.

இரண்டுக்கு இரண்டு. எலாதியோ கையைப் பேண்டில் துடைத்தான். மறுபடி துடைத்தான். வாய்க்குள் ஏதோ திட்டினான். சிரிப்பு போய் வெகுநேரமாகிவிட்டது.

கடைசி ஆட்டத்தில் அவன் செய்ததை அந்த ஊரில் மானமுள்ளவன் செய்யமாட்டான். சங்கிலிக்காரனைத் திரையின் மூலையில் தள்ளி, குள்ளனைக் குனிய வைத்து, காலையே உதைத்தான். மறுபடி மறுபடி காலையே. தடுத்தாலும் உயிர்க்கோடு கொஞ்சம் தேயும், எழுந்தால் உதை விழும். சின்னப் பயல்கள் அதைச் செய்தாலே மண்டையில் குட்டுவார்கள். கூட்டம் ஊளையிட்டது. நசாரியோ இரண்டு தரம் வெளியே வரப் பார்த்தான். மூன்றாவது தரம் குதித்தான். குள்ளன் அந்தரத்திலேயே பிடித்துக் கீழே அடித்தான். முடிந்தது.

எலாதியோ கைப்பிடியை விட்டுப் பின்னால் நகர்ந்தான்.

"வெக்கமா இல்லையாடா உனக்கு?" தோன்யா காந்திதா வாசலிலிருந்தே கத்தினாள். "கண்ணு தெரியாத மனுஷனை மூலையில வச்சுக் காலை உதைக்கிறே. உன்னை இப்படியா வளர்த்தேன்?"

"விட்டா அவர் என்னை அடிச்சிருப்பாரும்மா" என்றான் எலாதியோ. "போன வருஷமும் இப்படித்தான் அடிச்சாரு. நான் எங்க விட்டேன்? நீதான் ஊரெல்லாம் சொன்னே."

கடைக்குள் நாற்பது பேர் இருந்தார்கள். நாற்பது பேரும் கேட்டார்கள்.

கூட்டம் எலாதியோவைத் திட்டிக்கொண்டே கலைந்தது. சேவேரோ ஸ்டூல் பக்கத்தில் வந்து நின்றார். நசாரியோ வியர்வையைச் சட்டையால் துடைத்துக்கொண்டிருந்தான்.

"எப்படி அடிச்சான் பார்த்தீங்களா, கொம்பாத்ரே?"

"பார்த்தேன். ஈவு இரக்கமே இல்லாம அடிச்சான், நாய்ப்பய."

"ஆமா" என்றான் நசாரியோ. அவன் முகம் முழுக்கப் பல்லாக இருந்தது. "ஈவு இரக்கமே இல்ல."